ஒருத்தி வந்தால் ஒருத்தி போகணும்

இந்தப் போட்டி முழுவதும் என் பெயருக்கு நேரே ஒரு புள்ளிகூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். தொழிற்சாலை பஸ் ஓட்டும் பரஞ்சோதி அண்ணன், ஆட்டத்துக்கு மறுநாள் நான் படியில் கால் வைக்கும்போதே, "எத்தன கோலும்மா?" என்பார். கூடைப்பந்தில் கோல் என்று சொல்வதில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஒன்றும் இல்லை என்பேன். "பரவால்ல லா, அடுத்த தடவ போட்டுக்கலாம்," என்று ஆறுதல் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆறுதலை யார் கேட்டது?

நான் லோகேஸ்வரி. முப்பத்து நான்கு வயது. மலேசியாவில், பாடாங் மேஹாவிலிருந்து கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவள். எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் கூடைப்பந்துக் குழுவில் கார்டு ஆடுகிறேன். ஒரு குழுவில் இரண்டு கார்டுகள் இருப்பார்கள். நம் பக்கம் பந்து இருந்தால் அதைக் கொண்டுபோக வேண்டியது அவர்கள்தான், எதிரணி கொண்டுவந்தால் முதலில் போய் மறிக்க வேண்டியதும் அவர்கள்தான். இரண்டில் எனக்கு மறிக்கத்தான் வரும். தமிழ்ப் பள்ளியில் நெட்பால் ஆடிய காலத்தில் என் கழுத்தில் ஜி.டி. என்று எழுதிய சட்டையை மாட்டிவிட்டார்கள். நெட்பாலில் ஜி.டி.க்குப் பந்தைக் கூடையில் போட உரிமையே இல்லை. போட வருகிறவளைத் தடுப்பதோடு அவள் வேலை முடிந்தது. பள்ளிக்கூடம் முடியும்வரை அதே சட்டைதான். இன்றைக்கும் நான் வளையத்தைப் பார்த்து எறிந்தால் பந்து பின்னால் இருக்கிற சுவரில் போய் அடிக்கும். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. போடுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். போடவிடாமல் செய்கிறவளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

தர்மிளா போடுகிறவள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா, ஒரே பிள்ளை. கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் அப்பா ஒரு வளையத்தை மாட்டிக் கொடுத்திருக்கிறார். இந்தப் பெண் வாசல் கேட்டில் நின்றுகொண்டு தினமும் தனியாக எறிந்துகொண்டிருந்திருக்கிறாள். அதனால் எத்தனை தூரத்திலிருந்து போட்டாலும் விழும். ஆனால் எதிரே ஆள் நின்று பழக்கமே இல்லை. பந்தோடு ஒருத்தி தன்னை நோக்கி ஓடி வந்தால், கல்யாண வீட்டுப் பந்தியில் வழிவிடுகிறவள் மாதிரி மரியாதையாக ஒதுங்கிக்கொள்வாள்.

நானும் அவளும் வேலை பார்ப்பது ஒரே மெஷினில். ஆனால் ஒன்றாக அல்ல. எங்கள் லைனில் பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட். காலை ஏழு மணிக்கு ஒரு கூட்டம் உள்ளே போகும், ஒரு கூட்டம் வெளியே வரும். மாலை ஏழு மணிக்கும் அப்படித்தான். முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் வைத்துத் தைக்கிற மெஷின் அது. அவள் பகல் பார்த்தால் நான் இரவு, நான் பகல் பார்த்தால் அவள் இரவு. கை மாற்றுவதற்கு அங்கே ஒரு முறை உண்டு. போகிறவள் மெஷின் பக்கத்தில் நின்று, அது இன்று என்னென்ன சேட்டை செய்தது என்று சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் கம்பி அறுகிறது, எந்த அலாரம் நிஜம், எது பொய் என்றெல்லாம் சொல்லி முடித்ததும் வருகிறவள் மெஷினின் விளிம்பில் கையை வைத்து, "எடுத்தாச்சு," என்பாள். அந்த வார்த்தை வந்த பிறகு போகிறவள் அங்கே நிற்கவும் கூடாது, பேசவும் கூடாது. இரண்டு பேர் கை வைத்தால் தப்பு யாருடையது என்று தெரியாமல் போய்விடும். ஒருத்தி வந்தால் ஒருத்தி போகணும். நின்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அழகேசன் அண்ணன் முறைப்பார். லைனுக்கு மேற்பார்வையாளரும் அவர்தான், கூடைப்பந்துக் குழுவுக்குக் கோச்சும் அவர்தான்.

தொழிற்சாலைகளுக்கிடையிலான இந்தப் போட்டியில் முதல் ஆட்டத்துக்கு அவர்தான் எங்கள் இருவரையும் ஜோடி சேர்த்தார். "ஒருத்தி தூரத்துலேர்ந்து போடட்டும், ஒருத்தி மறிக்கட்டும். கணக்கு சரியா வரும்," என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் எதிரணிக்காரி ஒருத்தி பந்தோடு என் பக்கம் வந்தாள். நான் மறித்தேன். உதவிக்குத் தர்மிளா ஓடி வந்தாள். அவள் வந்து பக்கத்தில் நின்றதும் நான் திரும்பி நடந்து போய்விட்டேன். சத்தியமாக நான் யோசிக்கவே இல்லை, கால் தானாகப் போனது. அடுத்த முறை நான் அவளுக்கு உதவப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் கிளம்பிவிட்டாள். வருடக்கணக்காக ஒருத்தி முகத்தைப் பார்த்ததும் ஒருத்தி வீட்டுக்குப் போய்ப் பழகிய உடம்பு. அதற்கு நெட்பால் தெரியுமா, பாஸ்கட்பால் தெரியுமா? அன்றைக்கு எங்கள் இருவருக்கும் நடுவே எதிரணிக்காரிகள் ஹைவேயில் போவதுபோலப் போனார்கள். பார்க்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தோற்றோம். நல்லவேளை, முதல் சுற்று லீக் என்பதால் ஒரு தோல்வியோடு வெளியே போகவில்லை.

"என்னலா ரெண்டு பேருக்கும் பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்றார் அழகேசன் அண்ணன்.

அடுத்த ஆட்டத்திலிருந்து என் இடத்தில் காஞ்சனா. ஸ்டோரில் வேலை பார்க்கிற, நல்ல உயரமான பெண். தர்மிளாவின் குரூதான், அதே ஷிஃப்ட் கூட்டம், அதனால் இருவரும் சேர்ந்து பயிற்சி செய்ய முடியும். அவளும் தூரத்திலிருந்து போடுகிறவள். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டார்கள், புள்ளி மளமளவென்று ஏறியது, எல்லோருக்கும் வாயெல்லாம் பல். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரணியின் புள்ளியும் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன்போலிருக்கிறது. அரையிறுதியில் மயிரிழையில்தான் தப்பித்தோம்.

இறுதி ஆட்டம் சுங்கை பட்டாணி ஊர்த் தொழிற்சாலைக்காரர்களோடு. அவர்களிடம் ஏழாம் நம்பர்க்காரி ஒருத்தி இருந்தாள். குள்ளம்தான், ஆனால் பந்து கையில் வந்துவிட்டால் எவர் கண்ணிலும் விரலை விட்டு ஆட்டுவாள். அவர்கள் போடுகிறதில் பாதியை அவள்தான் போடுவாள். அவளுடைய ஆட்டங்களின் வீடியோவை நான் சோறு சாப்பிடும்போதெல்லாம் போனில் போட்டுப் பார்த்து வைத்திருந்தேன்.

கேன்டீனில் அழகேசன் அண்ணன் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நேராக எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, ஃபைனல்ல என்னையும் தர்மிளாவையும் போடுங்க."

"ஜெயிக்கிற டீம மாத்தச் சொல்றியா?" அவர் நிமிரவே இல்லை.

"நாம ஜெயிக்கல. அவங்க போட்டதவிட கொஞ்சம் கூடப் போட்டோம், அவ்ளதான்."

"அதுக்குப் பேருதாம்மா ஜெயிக்கிறது."

"ஏழாம் நம்பர யாரு பிடிக்கப் போறா? காஞ்சனாவா?"

இப்போது நிமிர்ந்தார். "நீங்க ரெண்டு பேரும் சேந்து ஆடுன லட்சணத்த நான் மறக்கலம்மா. நீ வேற குரூ, அவ வேற குரூ. ஒருத்தி முழிக்கிறப்ப ஒருத்தி தூங்குறீங்க. எப்பலா ப்ராக்டிஸ் பண்ணுவீங்க? சுசா லா, ரொம்பக் கஷ்டம்."

"அது எங்க பாடு."

"லோகா, கோவிச்சுக்காத. ஒன் பேருக்கு நேரா சைபர் நிக்கிது. ஃபைனல்ல எறங்குற ஆளுங்களத்தான் அலோர் ஸ்டாருக்குக் கூட்டிப் போறேன். ஒன்ன ஏன் போட்டன்னு மேல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"நான் என்ன தடுத்தேன்னு எழுத அந்த ஸ்கோர் பேப்பர்ல எடம் இருக்கா அண்ணே?"

"இல்ல."

"அப்ப பேப்பர்தான் தப்பு. நான் இல்ல."

அவர் ரொட்டியைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். மாநில அளவில் அலோர் ஸ்டாரில் நடக்கிற போட்டிக்கு எங்கள் தொழிற்சாலை போவது இதுதான் முதல் தடவை. குழுவில் எனக்கு அடுத்தவளுக்கு இருபத்தேழு வயது. இந்த முறை என்னை விட்டுவிட்டால் அடுத்த வருடம் என்னைக் கூப்பிட மாட்டார்கள். "போதும்க்கா, ரெஸ்ட் எடுங்க," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். வீட்டில் நான் ஒருத்திதான், தொழிற்சாலையில் ஒரு நம்பர். அந்த மைதானத்தில்தான் யாராவது என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. ரெஸ்டை யார் கேட்டது?

ஆகவே ஷிஃப்ட் மாறும் நேரத்தைப் பிடித்துக்கொண்டோம். மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் யாரோ எப்போதோ நட்டுவைத்த வளையம் ஒன்று இருக்கிறது. தர்மிளா பகல் வேலைக்குச் சீக்கிரமாகவே வந்துவிடுவாள். நான் மெஷினைக் கொடுத்துவிட்டு வெளியே ஓடி வருவதற்கும் அவள் உள்ளே ஓடுவதற்கும் நேரம் ஒத்துவராது என்பதால், என் பக்கத்து மெஷின்காரி சற்று நேரம் என் மெஷினையும் பார்த்துக்கொண்டாள். அப்புறம் தர்மிளாவும் நானும் உள்ளே போவோம், நான் மெஷினை அவளிடம் கை மாற்றிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். பரஞ்சோதி அண்ணன் ஹாரனில் கையை வைத்துக்கொண்டு, "இது கோலும் போடாது, பஸ்ஸயும் எடுக்க வுடாது," என்று பஸ்ஸில் இருப்பவர்களிடம் புலம்புவார். ஆனால் ஒருநாளும் விட்டுவிட்டுப் போனதில்லை.

முதலில் அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தை ஒழிக்கப் பார்த்தோம். நில்லு, நில்லு என்று என் காலுக்கு நானே சொல்லிக்கொண்டேன். தர்மிளா வந்து பக்கத்தில் நின்றதும் கால் கிளம்பிவிட்டது. அவள் என் சட்டையைப் பிடித்து நிறுத்திப் பார்த்தாள். சட்டைதான் கிழிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பந்தைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

தர்மிளா பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, போறத நிறுத்த முடியலன்னா போயிடுவோம்."

"என்னடி சொல்ற?"

"போவோம். ஆனா சொல்லிட்டுப் போவோம். மெஷின்ல சொல்ற மாதிரி. எடுத்தாச்சுன்னு சொன்னாத்தான் மத்தவ போகணும். அதுவரைக்கும் போகக் கூடாது."

அப்புறம் செய்து பார்த்தோம். பந்தோடு வருகிறவளாகப் பக்கத்து லைன் பெண் ஒருத்தியை ஓடி வரச் சொன்னோம். நான் மறித்தேன், தர்மிளா வந்து "எடுத்தாச்சு" என்றாள், நான் அவள் விட்டுவிட்டு வந்த ஆளைப் பிடிக்கப் போனேன். நடுவே ஒரு விரல் நுழைய இடம் இல்லை. கால் கிளம்பத்தான் செய்தது, ஆனால் அந்த வார்த்தைக்குக் காத்திருந்து கிளம்பியது. பந்து எங்கள் கையில் இருக்கும்போது அது இன்னும் நன்றாக வேலை செய்தது. நான் பந்தைத் தட்டிக்கொண்டு போவேன். தர்மிளா என் பக்கமாக ஓடி வந்து பந்தை எடுத்துக்கொள்வாள். நான் போய்க்கொண்டே இருப்பேன். அவளைத் துரத்தி வருகிறவள் என்மேல் வந்து முட்டிக்கொள்வாள். தர்மிளாவுக்கு எதிரே ஒரு மூச்சு நேரம் ஆளே இருக்காது, அவள் வீட்டு கேட் மாதிரி. அந்த ஒரு மூச்சு அவளுக்குப் போதும்.

இதை அழகேசன் அண்ணனிடம் சொன்னேன். வந்து பார்க்கச் சொன்னேன். "பாத்துக்கலாம்," என்றார். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூலிம் டவுனில் இருக்கிற மண்டபத்தில் இறுதி ஆட்டம். நான் காலையில்தான் இரவு வேலை முடிந்து வந்திருந்தேன். அன்றிரவும் வேலை இருந்தது. பகல் குரூவில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் அன்றைக்கு லீவு கொடுத்திருந்தார்கள். அழகேசன் அண்ணன் பெயர்களைச் சொன்னார். கார்டு இரண்டு பேர், தர்மிளாவும் காஞ்சனாவும். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஏழாம் நம்பர்க்காரி முதல் பந்திலேயே காஞ்சனாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போய்ப் போட்டாள். அடுத்தது தர்மிளா பக்கம். தர்மிளா மரியாதையாக வழிவிட்டாள். எங்கள் பக்கமும் போட்டார்கள்தான். ஆனால் ஏழாம் நம்பரைத் துரத்தித் துரத்திக் காஞ்சனாவுக்குக் கால் ஓய்ந்துபோய், எறிகிற பந்தெல்லாம் வளையத்துக்குக் கீழே விழ ஆரம்பித்தது. இரண்டாம் கால்பகுதி ஆட்டம் பாதி போவதற்குள் பதினொரு புள்ளி பின்னால் போய்விட்டோம். அழகேசன் அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெஞ்சுப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கூடைப்பந்தில் ஒரு விதி இருக்கிறது. ஆளை மாற்ற வேண்டுமென்றால் கோச் போய் மேசையில் கேட்க முடியாது. இறங்கப் போகிறவள்தான் போய்ச் சொல்ல வேண்டும். நான் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு நேராக மேசைக்குப் போய், மாற்று என்று கையைக் காட்டினேன்.

"லோகா, யாரு ஒன்னப் போகச் சொன்னா?" என்று பின்னாலிருந்து அழகேசன் அண்ணன் கத்தினார்.

"யாரும் சொல்லல."

"யாருக்குப் பதிலா லா?"

"காஞ்சனாவுக்கு."

விசில் அடித்தது. அவர் காஞ்சனாவைப் பார்த்து இரு என்று கையைக் காட்டினார். காஞ்சனா அதைப் பார்த்தாளோ இல்லையோ, என் கையைத் தட்டிவிட்டு, "தாங்க்ஸ்க்கா, செத்தே போய்ட்டேன்," என்று பெஞ்சில் போய் விழுந்து தண்ணீர் போத்தலைத் திறந்துவிட்டாள். அவளை இனி எழுப்பி அனுப்ப முடியாது. அழகேசன் அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வைக்கு வேறு ஒருத்தியாக இருந்தால் வேலையையே விட்டிருப்பாள். நான் போய் ஏழாம் நம்பர் முன்னால் நின்றேன்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வலது பக்கம் இரண்டு தட்டுத் தட்டுவாள், எல்லோரும் வலது பக்கம் சாய்வார்கள், மூன்றாவது தட்டில் இடது பக்கம் பறந்துவிடுவாள். நான் வலது பக்கம் சாயவே இல்லை. இடது பக்கம் வந்து என்மேல் முட்டிக்கொண்டு நின்றாள். யாரிது என்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த தடவை அவளுடைய தோழி ஒருத்தி குறுக்கே வந்து என்னை மறித்தாள். ஏழாம் நம்பர் நழுவினாள். "எடுத்தாச்சு," என்று தர்மிளாவின் குரல் கேட்டது. நான் போனேன். ஏழாம் நம்பருக்கு எங்கே திரும்பினாலும் ஆள். சற்று நேரத்தில் "எடுத்தாச்சு" என்று நான் சொல்லித் திரும்ப அவளை வாங்கிக்கொண்டேன். அவளைத் தர்மிளாவிடம் நெடுநேரம் விட்டுவைக்கக் கூடாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுபக்கம் நான் பந்தைக் கொண்டுபோனேன். என்னை யாரும் மறிக்கவே இல்லை. இவள் எங்கே போடப் போகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதுவும் நல்லதுதான். தர்மிளா வந்தாள், எடுத்தாள், நான் போனேன், துரத்தி வந்தவள் என் தோளில் வந்து இடித்தாள், பந்து வலையில் விழுந்தது. மறுபடியும் அதேதான். பதினொன்று எட்டானது, எட்டு ஐந்தானது. கடைசிக் கால்பகுதி ஆட்டத்தில் நாங்கள் முன்னால் போனபோது மண்டபத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அழகேசன் அண்ணன் என்னை மாற்றவில்லை.

ஆனால் மறிக்கிறவளுக்கு ஒரு தொல்லை உண்டு, ஃபவுல். ஐந்து ஆனால் வெளியே போய்விட வேண்டும். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது, இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். ஏழாம் நம்பர் எம்பினாள், நானும் எம்பினேன், என் கை அவள் மணிக்கட்டில் பட்டது. நடுவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். பட்டது பட்டதுதான், பொய் சொல்ல மாட்டேன்.

நான் வெளியே வரும்போது அழகேசன் அண்ணன் காஞ்சனாவை எழுப்பிக்கொண்டிருந்தார். "காஞ்சனா, நீ ஏழப் பிடி."

"வேணாம்ண்ணே," என்றேன். "தர்மிளா பிடிக்கட்டும். காஞ்சனா வளையத்துக்குக் கீழ நிக்கட்டும்."

"தர்மிளாவா? அவ இதுவரைக்கும் தனியா ஒருத்தரயாச்சும் மறிச்சிருக்காளா?"

"இப்ப மறிப்பா. நான் குடுத்துட்டுப் போறேன்."

"லோகா, வெளயாடாத."

"வெளயாட முடியாதுன்னுதான அனுப்பிட்டாங்க. குடுக்க மட்டும் வுடுங்க."

தர்மிளாவைக் கோட்டின் ஓரத்துக்குக் கூப்பிட்டேன். முகத்தில் ஈயாடவில்லை அவளுக்கு. "என்னால முடியாதுக்கா," என்றாள்.

"கேளு. வலது பக்கம் போறது பொய் அலாரம். ரெண்டு தட்டு தட்டுவா, நம்பாத. மூணாவது தட்டு இடது பக்கம். அங்கதான் கம்பி அறும். பந்தப் பாக்காத, அவ இடுப்பப் பாரு. கைய நீட்டாத. வழிவுடாத. காலு மட்டும் அங்க இருக்கணும்."

அவள் உதடு அசைய ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெஷின் விளிம்பில் வைப்பதுபோல என் தோளில் கையை வைத்தாள். "எடுத்தாச்சு."

நான் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஏழாம் நம்பர் ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு எறிகளில் ஒன்றைப் போட்டாள், ஒன்று வெளியே போனது. ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். பந்து எங்களுக்கு. தர்மிளாவிடம் வந்தது, எதிரே ஆளே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு போடுகிற தூரம். எறிந்தாள். வளையத்தின் விளிம்பில் பட்டுத் தெறித்துவிட்டது. அழகேசன் அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். பந்து ஏழாம் நம்பர் கையில். இந்த ஒரு தடவைதான், இதற்குமேல் நேரம் இல்லை.

"சொல்லுலா அவகிட்ட ஏதாச்சும்," என்று அழகேசன் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஒன் கொரல்தான அவளுக்குக் கேக்கும். சொல்லு."

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "அவ எடுத்துட்டாண்ணே. இனிமே நான் பேசக் கூடாது."

ஏழாம் நம்பர் தர்மிளாவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இவள் ஒதுங்குகிறவள் என்று அவளுக்குத் தெரியும். வலது பக்கம் ஒரு தட்டு. தர்மிளா அசையவில்லை. இன்னொரு தட்டு. தோள் லேசாகச் சாய்ந்தது, கால் சாயவில்லை. மூன்றாவது தட்டில் ஏழாம் நம்பர் இடது பக்கம் பாய்ந்தாள். தர்மிளாவின் கால் ஏற்கெனவே அங்கே இருந்தது. வழிவிடவில்லை. போக வழியில்லாமல், உடம்பு சாய்ந்தபடியே ஏழாம் நம்பர் பந்தை மேலே எறிந்தாள். அது வளையத்தின் பக்கவாட்டில் பட்டுக் கீழே வந்தது. காஞ்சனா இரண்டு கையாலும் அதைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் விழுந்தாள். மணி அடித்துவிட்டது.

எல்லோரும் ஓடிப்போய்த் தர்மிளாவைத் தூக்கினார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள். நானும்தான் அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அழகேசன் அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அலோர் ஸ்டாருக்கு ஒன் பேரையும் எழுதிடுறேன்."

"எழுதுங்க. பக்கத்துல அந்த சைபரையும் எழுதுங்க. அழிக்காம எழுதுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திமிருதான் ஒனக்கு. சரி, தர்மிளாவ ஒன் குரூவுக்கு மாத்திடவா? ஒண்ணா ப்ராக்டிஸ் பண்ணலாம்."

"மாத்திடாதீங்கண்ணே. ஒண்ணா வேல பாத்தா கெட்டுப்போயிடுவோம்."

அன்றிரவு வேலைக்குப் போனேன். கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டிருந்தது. காலையில் தர்மிளா வந்தாள், முட்டியில் பிளாஸ்டர். மெஷின் இடது பக்கம் கம்பி அறுக்கிறது, மூன்றாவது அலாரம்தான் நிஜம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் விளிம்பில் கையை வைத்து, "எடுத்தாச்சு," என்றாள். என் கால் கிளம்பவில்லை. நின்றேன்.

"போங்கக்கா, அண்ணன் பாக்குறாரு."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு மெஷினில் இரண்டு பேர் நிற்பதை நன்றாகவே பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளைப் படிப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸில் ஏறும்போது பரஞ்சோதி அண்ணன் கதவைத் திறந்தார். "ஜெயிச்சிட்டீங்களாமே. எத்தன கோலும்மா?"

"சைபர்," என்றேன், கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

அவர் வழக்கம்போல ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தார். நான் விடவில்லை. "அண்ணே, கேக்குறத மாத்திக் கேளுங்க. எத்தன போட்டேன்னு கேக்காதீங்க. எத்தன போட வுட்டேன்னு கேளுங்க."

அவர் பஸ்ஸை எடுத்தார். கேட்டைத் தாண்டி, பெரிய ரோட்டுக்கு வந்து, சிவப்பு விளக்கில் நின்றபோது கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"சரி, எத்தனம்மா போட வுட்ட?"

போடவிட்டதை விரல்விட்டு எண்ணி முடித்துவிட்டு, போடவிடாததைப் பாடாங் மேஹா வரும்வரை சொல்லிக்கொண்டே போனேன்.